ஆபீஸ் வாட்ச்

"கையை நீட்டுங்க, நாடி பார்க்கணும்" என்றார் டாக்டர்.

அவன் நீட்டவில்லை.

முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தானும் போட்டிருந்தான். இந்தக் கத்திரி வெயிலில் முழுக்கை போட்டு வருகிறவன் ஆபீஸிலேயே அவன் ஒருவன்தான்.

எதிரே கம்பெனி டாக்டர். பக்கத்தில் ஹெச்.ஆர். ஹேமலதா. மேஜைமேல் லேப்டாப். அதில் அவன் பெயர், பெயருக்குக் கீழே கோணல்மாணலாக ஒரு கோடு.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையைச் சீவிக்கொண்டு வந்திருந்தான்.

உட்கார்ந்தே ஊழியர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று கம்பெனிக்குத் திடீரென்று கவலை வந்திருந்தது. ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தார்கள். நடந்தால் எண்ணும். நெஞ்சு துடிப்பதையும் குறித்துக்கொள்ளும். யார் அதிகம் நடக்கிறாரோ அவர் குடும்பத்தோடு ஏற்காடு போய் வரலாம், கம்பெனி செலவில்.

நம் ஆட்களா நடப்பார்கள்?

அக்கவுண்ட்ஸ் சகாயராஜ் தன் வாட்சைக் குழந்தையின் தூளிக் கயிற்றில் கட்டிவிட்டான். குழந்தை தூங்கத் தூங்க அவன் நடந்துகொண்டே இருந்தான். தூளிக்கு நெஞ்சு ஏன் துடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

முழுக்கைச் சட்டைக்காரனோ தன் வாட்சை மனைவி மங்கையின் கையில் மாட்டினான்.

லிஃப்ட் இல்லாத வீடு. மூன்றாவது மாடி. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஏறி இறங்குகிறவள் அவள்தான். எழுந்தது முதல் படுக்கும்வரை அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

முதல் வாரமே அவன் பெயர் மேலே வந்துவிட்டது.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவள் கையைப் பிடித்து, வாட்சில் இருப்பதைத் தன் போனுக்கு ஏற்றிக்கொள்வான். அவளும் எட்டிப் பார்ப்பாள். ஏற்காட்டில் ரொம்பக் குளிருமா, ஸ்வெட்டர் வாங்கணுமா என்று கேட்பாள். கல்யாணமான பிறகு அவன் அவளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. அவள் அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை.

பிறகு சகாயராஜின் தூளி அவனை முந்தியது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வேலையெல்லாம் முடிஞ்சதும் மொட்டைமாடில கொஞ்சம் நடயேன்" என்றான்.

நடந்தாள்.

"கொஞ்ச நாளா ரொம்ப மூச்சு வாங்குதுங்க" என்றாள் ஒருநாள்.

"வாங்கினாத்தான் நல்லது. உடம்பு கரையுதுன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

டாக்டர் பேனாவால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"படுத்திருக்கும்போதே இப்படித் தாறுமாறா துடிக்குது. ஏறி இறங்கும்போது பாருங்க, நடுவுல விட்டுப்போகுது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா சார்?"

அவன் கோட்டைப் பார்த்தான். ஒவ்வொரு ராத்திரியும் அவன்தான் அதைப் போனில் ஏற்றினான். நடையை மட்டும் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவான்.

"இனிமே ஒரு படிகூட ஏறாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி போகணும், எழுதித் தரேன். தனியா போக வேண்டாம், வீட்டுக்காரம்மாவை வரச் சொல்லுங்க."

ஹேமலதா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கரிசனத்தை அவனால் தாங்க முடியவில்லை.

பொத்தானைக் கழற்றினான். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் தள்ளிவிட்டான்.

வெறும் கை.

"அது என் நெஞ்சு இல்ல டாக்டர்."

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் திட்டவில்லை. "உடனே போன் பண்ணுங்க" என்றார்.

மணி பதினொன்று. வீட்டு வேலையெல்லாம் முடிந்திருக்கும் நேரம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மறுபடியும் போட்டான்.

எடுத்தாள்.

"என்னங்க..." வார்த்தை வர மூச்சு இடம் கொடுக்கவில்லை. "மாடிலதான்... நடந்துட்டு இருக்கேன். இன்னைக்கு அந்தத் தூளியைத் தாண்டிடலாங்க."

சுடும் தரையில் அவள் செருப்பு தேய்வது கேட்டது.

"மங்கை, உட்காரு."

"இன்னும் கொஞ்சம்தாங்க பாக்கி."

"உட்காரும்மா."

அவன் வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவள் கேட்டிராத குரல் அது.

செருப்புச் சத்தம் நின்றது.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கட்டும் என்று காத்திருந்தான்.