இரண்டாவது கோடு

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரத்து மருத்துவமனை லேபில் செங்கோட்டுவேலு சிறுநீர்க் குப்பியைக் கூச்சத்தோடு நீட்டுகிறார். அடியில் ஒரு விரற்கடைதான் இருக்கிறது. நாலு மாநிலத்தில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டி, ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் காட்டிய மனிதர், இதற்காக ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவைத்துக் கெஞ்சியிருக்கிறார். "இந்தப் பாயிண்ட்ல இவ்வளவுதான் சாமி" என்கிறார். லேப் பெண் ரிஹானா முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே பஞ்சுக் குச்சியை நனைத்து, பரிசோதனை அட்டைக்குள் செருகி மூடுகிறாள். "பதினஞ்சு நிமிசமுங்கய்யா. ரெண்டு கோடு வந்தா நிமோனியாக் கிருமி, இங்கயே படுக்கணும். கூட இருக்க ஒரு ஆளு வேணுமுங்க, இல்லாட்டி பெட் தரமாட்டாங்க." ஆள் என்றதும் அவர் ஜன்னலைப் பார்க்கிறார். வெயிலில் முட்டை வண்டி ஒன்று அவசரமில்லாமல் போகிறது. இருமல் வரும்போதெல்லாம் வலது விலாவை, அது கழன்று விழுந்துவிடும் போல, இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அட்டையில் ஒரு கோடு இளஞ்சிவப்பாய்த் தெளிகிறது. பக்கத்தில் வெள்ளை வெறுமை. பதினைந்து நிமிடம் முடியப்போகையில் அங்கேயும் மெல்ல ஒன்று. "பாத்தியா சாமி, அதுக்குக்கூட ஜோடி வந்திருச்சு." ரிஹானா சிரிக்கவில்லை, படிவத்தை நகர்த்துகிறாள். நோயாளி பெயர் என்ற இடத்தில் செங்கோட்டுவேலு என்று எழுதுகிறார். உடனிருப்பவர் பெயர் என்ற இடத்தில் சற்று யோசித்து, அதே செங்கோட்டுவேலுவை இன்னும் அழகாக எழுதுகிறார். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறது. பேனாவைத் தூக்கியபடி அவளை நிமிர்ந்து பார்க்கிறார். "இதுக்கு என்னன்னு போடட்டும் சாமி?"