மேற்கு மூலை

காலை வெயில் கோயில் மலையை விட்டிறங்கித் தெருவின் காலிமனைக்கு வந்திருக்கிறது. பொதுத்தோட்டம் போடுகிறார்கள். கன்றுகளெல்லாம் சாயப்பட்டறை முரளிதரனின் உபயம். மோர்ப்பந்தலுக்குக்கூட எட்டிப் பார்க்காதவனுக்கு இவ்வளவு தருமம் எங்கிருந்து வந்ததென்று தெருவுக்குத் தெரியவில்லை. மேற்கு மூலையில் மட்டும் குழி வேண்டாமென்று முரளிதரன் மூன்றாம் முறையாகச் சொல்கிறான். அவனுடைய வியர்த்த உள்ளங்கையில் கறிவேப்பிலைக் கன்றின் பை வழுக்குகிறது. "கைப்பம்பு பக்கத்துலயே கீது பாவா, தண்ணி ஊத்த சுளுவு. கேன் தண்ணி குடிக்கிற ஊட்டுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது?" என்றபடி, அவனை மச்சான் முறை வைத்துக் கூப்பிடும் தெருக்காரி கன்னியம்மாள் கடப்பாரையை ஓங்கிக் குத்துகிறாள். முழங்கை ஆழத்தில் மண் ஊதாவாகப் பெயர்கிறது; குழியில் ஊறும் நீரும் ஊதா. பன்னிரண்டு வருடமாக ஊர் அடங்கிய பின் அவன் பட்டறைக் கழிவைக் கொட்டி மண் அள்ளிப் போட்டு மூடிய இடம். "இன்னா பாவா, மண்ணுக்கும் சாயம் போட்டுக்கினு இருந்தியா?" என்று அவள் சிரிக்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு பாதியில் நிற்கிறது. நேற்றுதான் டயாலிசிஸ் முடித்து வந்த அவள் புருஷன் துளசிங்கம், வீங்கிய கால்களை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், பம்பில் பிடித்த சொம்பை வாயருகே வைத்தபடி அப்படியே இருக்கிறார். ஒவ்வொரு தலையாக முரளிதரனின் வீட்டு வாசலுக்குத் திரும்புகிறது. அங்கே, இன்று வந்த மூன்று கேன்கள் சீல் பிரிக்காமல் வெயிலில் நிற்கின்றன.