அப்டேட் போடாத ஜொஹரா

"ஜொஹரா, உன் நாடித்துடிப்பு நூத்திப் பத்துல நிக்குது. மறைக்காம சொல்லு, ஒடம்புக்கு என்ன?"

அஜ்மீரின் கேள்விக்குப் போனில் சிரிப்புத்தான் பதிலாக வந்தது.

"ஒண்ணும் இல்ல மச்சான். கொஞ்சம் வேகமா நடந்தேன்."

காரைக்காலில் கீழே துணிக்கடையும் மாடியில் வீடுமாக இருப்பவன் அஜ்மீர். அவன் மனைவி ஜொஹரா குவைத்தில் நர்ஸ். நாலு வருஷத்துக்கு முன்பு, அவள் வேலைக்குக் கிளம்பிய வாரம், இருவரும் ஒரே மாதிரி ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் வாட்சில் பதிவாவது மற்றவர் போனில் தெரியும்.

முதலில் அது நேரத்தையும் நடந்த அடிகளையும் மட்டும் காட்டியது. "பதினோராயிரம் அடியா? உன்னைய ஒக்காரவே விட மாட்டாங்களா?" என்று சண்டை பிடித்தான். அடுத்த வெர்ஷனில் நாடித்துடிப்பு வந்தது. அவள் வார்டில் ஓடும்போதெல்லாம் இங்கிருந்து போன் போகும். மூன்றாவது வெர்ஷன் அவள் தூக்கத்தை அளந்தது. அன்றோடு அவன் தூக்கம் போயிற்று.

இப்போது நான்காவது வந்திருக்கிறது. வாட்ச் கட்டியவர் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளி காட்டும். அஜ்மீர் அன்றே போட்டுவிட்டான். ஜொஹராதான் பத்து நாளாக 'பிறகு, பிறகு' என்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு மணி நேரந்தான் தூங்கியிருக்க. விடியறதுக்குள்ள ஒம்பதாயிரம் அடி வேற. என்னதான் நடக்குது?"

"ஒரே கூட்டம் மச்சான். நின்னு நின்னு கால் கடுத்துப் போச்சு."

"அந்த அப்டேட்டயாவது போடேன். எங்க இருக்கன்னு தெரிஞ்சா மனசு ஆறும்ல?"

"நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

"மழுப்பாத. உன்னையப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. மீன்காரங்க மேட்டுலேர்ந்து நல்ல வஞ்சிரமா வாங்கியாந்து பொரிச்சேன், தொண்டையில எறங்க மாட்டேங்குது. நான் விசா எடுத்து அங்கயே வந்துடறேன்."

"அய்யய்யோ, வேணாம்!" பதறியவள் மறுபடியும் சிரித்தாள்.

அஜ்மீருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் போனில் எண் தாவியது.

"நூத்தி முப்பத்தஞ்சு! அல்லாவே! இன்னுமா நடக்குற?"

"இல்ல, படி ஏறுறேன்."

"ஏறாத! அப்படியே ஒக்காரு. பக்கத்துல டாக்டர் யாரும் இல்லியா?"

"அழுவாதீங்க மச்சான். அப்டேட் போட்டுட்டேன், போதுமா? இப்ப பாருங்க."

அவசரமாக வரைபடத்தைத் திறந்தான். இரண்டு புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கினான். ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"நாசமாப் போன வெர்ஷன்! குவைத்துல இருக்கறவள நம்ம வீட்டு மேல கொண்டாந்து வச்சிருக்கு பாரு!"

"வெர்ஷன் சரியாத்தான் இருக்கு." அந்தக் குரல் போனிலிருந்தும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. "பெட்டி கனக்குது மச்சான், கதவத் தொறங்க!"