லட்டுக்குப் பக்கத்துக் கடை

படப்பை மாலில் தினமும் காலையில் கடைகள் தாமாகவே நகர்ந்து, வியாபாரம் ஆகும் இடம் தேடிப் போய் நிற்கும். மூன்று மாதமாக மூலை மூலையாக நின்று ஈ ஓட்டிய பூங்கோதையின் ஆல்ட்டரேஷன் கடை அன்று ஸ்வீட் ஸ்டாலை ஒட்டி நின்றது. இன்றும் ஆள் வராவிட்டால் நாளை அவளுக்கு மாலில் இடமே கிடையாது.

ஸ்வீட் ஸ்டால் தங்கப்பழம் விறுவிறுவென்று வந்தார்.

"ஏம்மா, 'பேண்ட் இடுப்பு லூஸாக்கித் தரப்படும்'னு போர்டு வச்சா எவன் லட்டு வாங்குவான்?"

"உங்க பில்லைக் காட்டினா பாதி விலைக்குத் தைக்கிறேன் அண்ணே. தைரியமாச் சாப்பிடச் சொல்லுங்க."

மாலைக்குள் இரண்டு கடையிலும் கூட்டம் தாங்கவில்லை.

மறுநாள் இருவருக்கும் நடுவே ஒரு ஜிம் வந்து நின்றது.

தங்கப்பழம் ஜிம்காரனுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்து வரவேற்றார். பூங்கோதை அவன் இடுப்பை அளந்து குறித்துக்கொண்டாள்.