ஜனாதிபதிக்கு ஒரு சொல்

ஜனாதிபதிக்கு ஒரே ஒரு சொல்தான். அதுவும் வரவில்லை.

மேசையில் ஜப்பானின் வரைபடம் விரிந்து கிடந்தது. அமெரிக்கா காத்திருந்தது. கல்முனையில் அந்த மண்டபத்தில் கதிரை கிடைக்காமல் சுவரோடு நின்றவர்களும் காத்திருந்தார்கள்.

நல்லரெத்தினம் வாத்தியார் வசனக் கொப்பியோடு திரை மறைவில் நின்றார். நாடகம் அவர் எழுதியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து அந்த ஆகஸ்ட் மாதத்தோடு ஐம்பது வருடம். அதைவிட, தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, அவர் அறிய, தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒன்றாக இருந்து பார்க்கிற முதல் நாடகம். ஒரு வசனமும் பிழைக்கக் கூடாது என்று மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனாதிபதியாக நின்றவர் நெல் ஸ்டோர் பக்கீர். அவருக்கு வசனம் பாடம் வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அவர்தான் வேண்டும் என்று வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டவர்களிடம், கோட் அவருக்குத்தான் அளவு என்றார். அது பக்கீரின் கல்யாணக் கோட். பொத்தான் பூட்டி இருபது வருடமாகிறது.

அவருக்காகவே அந்தக் கட்டத்தை வாத்தியார் சுருக்கி எழுதியிருந்தார். குண்டைப் போடவா என்று தளபதி கேட்பார். ஜனாதிபதி சம்மதித்து ‘ஓம்’ என்பார். விளக்கு அணையும். முகத்தில் கரி பூசிய பன்னிரண்டு பேர் ஓடிவந்து மேடையில் விழுவார்கள்.

ஒத்திகையில் பக்கீர் அழகாக ‘ஓம்’ சொன்னார். ஆனால் ஒத்திகையில் கதவு இருக்கவில்லை.

இன்று மேடையில் அசல் பலகைக் கதவு. அதைக் கண்டதும் தளபதி மசூருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. உள்ளே வருமுன், சுட முடியாத மரத் துவக்கின் பிடியால் மூன்று தரம் இடித்தார். மண்டபமே அதிர்ந்தது. பிறகு வந்து, குண்டைப் போடவா என்று கேட்டார்.

பக்கீர் அவரைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்தார். பவுடரைக் கரைத்துக்கொண்டு வேர்வை வழிந்தது.

“ஓம் எண்டு சொல்லுங்க நானா,” என்று வாத்தியார் திரை இடுக்கால் கிசுகிசுத்தார்.

பக்கீர் எழுந்து, கதவுக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் போய் நின்றார்.

“இல்ல. இஞ்ச ஒருத்தரும் இல்ல.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மசூர் மருந்துக்கடைக்காரர், எதையும் சமாளிக்கிற ஆள். ஆளில்லாத ஊருக்குக் குண்டு எதற்கு என்று சொல்லி, ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே போய்விட்டார். கரி பூசியவர்கள், விழுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

வாத்தியார் கொப்பியை மூடினார். திரைக் கயிற்றை இழுத்தார். ஹிரோஷிமா அன்று கல்முனையில் தப்பியது. கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

ஐந்து வருடத்துக்கு முன்பு பக்கீரின் நெல் ஸ்டோர்க் கதவிலும் இப்படித்தான் மூன்று இடி விழுந்தது. துவக்கோடு வந்தவர்கள் உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். பக்கீர் சொன்னது இதே பதில், ஓர் எழுத்தும் மாறாமல். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நல்லரெத்தினம் அதைக் கேட்டார்.

அதற்கு நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம், பக்கீர் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். அதனால்தான் அவரை ஜனாதிபதியாக்கிப் பார்க்க வாத்தியாருக்கு ஆசை வந்தது.

கோட்டைக் கழற்றிக்கொண்டே பக்கீர் திரைக்குப் பின்னால் வந்தார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

“வாத்தியார், எல்லாம் பிழைச்சுப் போச்சே!”

நல்லரெத்தினம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஓம் நானா, பிழைச்சிட்டன்.”