பூ வைத்த ஆத்தா

"ஆத்தா, அஞ்சும் ஆம்பளையாக் குடுத்துட்ட. இந்த ஒண்ணையாச்சும் பொட்டப்பிள்ளையாக் குடு தாயி."

வீட்டுக்குள் பெண்சாதி பிரசவ வலியில் கிடந்தாள். வெளியே மாடக்குழி முன்னால் விருமாண்டி கைகூப்பி நின்றான். குழிக்குள் குங்குமம் அப்பிய ஒரு வெள்ளிக்காசு. கல்யாணமான வருஷம் கீழக்குயில்குடி மலையடியில் உழுதபோது கிடைத்தது. காசில் ஒரு முகம். தலையைச் சுற்றிப் பூ, பின்னால் தொங்கும் சடை. வேறு யார், ஆத்தாதான் என்று அன்றைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டான்.

காசைப் பற்றிக் கேள்விப்பட்டு, அன்றைக்கென்று பார்த்து மதுரையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார் சரித்திர வாத்தியார் கைலாசநாதன். குங்குமத்தைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விருமாண்டி, இது ஆத்தா இல்லை, ஆம்பளை. நம்ம ரூபாயில ஜார்ஜ் ராஜா இருக்காரோல்லியோ, அந்த மாதிரி இவர் ரோமாபுரி ராஜா. தலையில பூ இல்லை, இலைக்கிரீடம். பின்னால தொங்கறது அதோட நாடா."

விருமாண்டி திரும்பினான். வாசலில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்த ஐந்து பயல்களையும் வரிசையாகப் பார்த்தான்.

"அட மனுசா, உன்கிட்டயா இம்புட்டு நாளும் பொண்ணு கேட்டேன்?" என்றான் காசிடம்.

வாத்தியார் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே கையில் செங்கோலும் மரக்கிளையுமாக ஒரு பெண் தெய்வம் உட்கார்ந்திருந்தது. அவளையல்லவா இத்தனை வருஷமும் சுவரைப் பார்க்க வைத்திருந்தான்! கன்னத்தில் போட்டுக்கொண்டு காசைத் திருப்பி வைத்தான். இதெல்லாம் மூடநம்பிக்கை, காசுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாத்தியார் நெடுநேரம் பாடம் நடத்தினார்.

பாடம் முடியுமுன் மருத்துவச்சி எட்டிப் பார்த்தாள்.

"பொட்டப்பிள்ளடா விருமாண்டி."

அவன் அழுதான், சிரித்தான். முதல் பிரசவத்துக்கே செய்து வைத்த கொலுசு ஐந்து தடவை ஏமாந்து கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

விடைபெற்றுக் கிளம்பிய வாத்தியார் தெருமுனைவரை போய்விட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"காசை ஒரு மாசம் கடனாத் தரியா விருமாண்டி? என் ஆம்படையாளுக்கு இது ஏழாவது பிரசவம். ஆறும் பொண்ணு. ராஜா பக்கம் தெரியற மாதிரி வெச்சாப் போறுமா, இல்லை குங்குமமும் அப்பணுமா?"