அவள் ஏன் சிரித்தாள்?

திரிங்காப் மலையூர் டியூஷன் வகுப்பில் அனைவரும் சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். விடிந்தால் ஆங்கிலத் தேர்வு.

வாசித்தறியும் பகுதியில் ஒரு கேள்வி: ‘இயந்திரம் வந்துவிட்டது, இனி வேலையில்லை என்றதும் கொழுந்து பறிப்பவள் ஏன் சிரித்தாள்?’

‘மகிழ்ச்சியால்’ என்று கடைசி மேசை மாணவி மறுபடியும் எழுதியிருந்தாள்.

“சிரிச்சா சந்தோஷம்தானா?” சசிரேகா டீச்சர் தமக்குத் தெரிந்த மொழிகளிலெல்லாம் விளக்கிச் சலித்துப்போனார். “வெய் ஹான், நீயாவது மாண்டரின்ல சொல்லித் தொலை லா!”

அவன் சொல்லி முடிப்பதற்குள் மாணவியின் கண்கள் கலங்கின. விடையைச் சரியாகத் திருத்தினாள்.

“அப்படி என்னடி சொன்னான்?”

“நல்லா புரிஞ்சிருச்சு. அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலம்மா” என்றாள், சசிரேகாவே ஆசையாய்ச் சீனப்பள்ளியில் சேர்த்துவிட்ட மகள்.